இரும்பில் எழுந்த விடுதி: மும்பை வாட்சன் ஓட்டலின் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையையும் கோயிலையும் அரண்மனையையுமே முதலில் நாடுவர். வழிப்போக்கர் தங்கிச் சென்ற விடுதிகளை நாடுவோர் மிகக் குறைவு. ஆனால் அரண்மனையில் கிடைப்பது பெரும்பாலும் அரசனின் கதை மட்டுமே. விடுதியிலோ வணிகன், எழுத்தாளன், படம் காட்ட வந்தவன், கதவைத் துடைத்த பணியாள் என்று பலருடைய சுவடுகளும் ஒரே கூரையின் கீழ்ப் பதிந்து கிடக்கின்றன. ஆகவே, ஒரு பழைய விடுதியின் கதை அந்நகரத்தின் சமூக வரலாறாகவும் அமைந்துவிடுகிறது.

வழிப்போக்கர்க்கு இடமும் உணவும் அளிப்பதை அறமாகக் கொண்டது நம் மரபு. புகார் நகரின் உலக அறவியை மணிமேகலை காட்டுகிறது. அந்நகரின் அட்டிற்சாலைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பிற்காலத்தில் சாவடிகளும் சத்திரங்களும் பெருவழிகள்தோறும் எழுந்தன. தஞ்சை மராட்டியர் காலத்து ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் அம்மரபைச் சொல்லி நிற்கிறது. காசு கொடுத்து அறையும் கட்டிலும் பெறும் முறை ஐரோப்பியரோடு பெருகிய ஒன்று. 'ஓட்டல்' என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே. தமிழில் அச்சொல் தங்குமிடத்தைவிட உண்ணுமிடத்தையே மிகுதியும் குறிக்கலாயிற்று. விருந்தோம்பல் என்றதும் சோற்றையே முதலில் எண்ணும் மனம் நம்முடையது போலும்!

சத்திரம் அறத்தின் சின்னமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓட்டல் வணிகத்தின் சின்னம் எனலாம். இந்திய மண்ணில் அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக எழுந்தது மும்பை காலா கோடாப் பகுதியில் உள்ள 'வாட்சன்ஸ் எஸ்பிளனேடு ஓட்டல்'. அதன் எழுச்சியையும் சரிவையும் எடுத்துரைத்து, ஒரு கட்டடம் உண்மையில் எதனால் அழிகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டைச் சுவர் வீழ்ந்த காலம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடைபெற்றது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைப்படவே, அவ்வாலைகள் இந்தியப் பஞ்சை நாடின. பஞ்சு ஏற்றுமதியின் தலைவாயிலாக இருந்த பம்பாயில் செல்வம் வெள்ளமெனப் புகுந்தது. 1862 முதல் 1867 வரை ஆளுநராக இருந்த சர் பார்ட்டில் பிரெரி, நகரின் வளர்ச்சிக்குத் தடையாக நின்ற பழைய கோட்டைச் சுவர்களை இடித்தகற்றச் செய்தார். கோட்டைக்கு வெளியே, பீரங்கிக் குறிக்கு மறைப்பு இருத்தலாகாது என்று வெறுமையாக விடப்பட்டிருந்த திறந்தவெளிக்கே 'எஸ்பிளனேடு' என்று பெயர். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் உள்ள எஸ்பிளனேடும் இக்காரணத்தாலேயே அப்பெயர் பெற்றது.

அத்திறந்தவெளியின் ஓரம் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டது. துணி வணிகரான ஜான் வாட்சன் என்னும் ஆங்கிலேயர் 1864இல் அங்கு மனை வாங்கினார். 1865இல் அமெரிக்கப் போர் முடிந்ததும் பஞ்சின் விலை வீழ்ந்தது. பம்பாயில் நிறுவனங்களும் வங்கிகளும் நொடித்தன. அந்த வீழ்ச்சிக்குப் பின்னும் வாட்சன் தம் திட்டத்தைக் கைவிடாமல் கட்டி முடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கப்பலில் வந்த கட்டடம்

கட்டடத்தை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்னும் பொறியாளர். 1851இல் இலண்டனில் எழுந்த பளிங்கு அரண்மனைப் பணியிலும், 1868இல் திறக்கப்பெற்ற செயின்ட் பாங்கிராஸ் தொடர்வண்டி நிலையக் கூரைப் பணியிலும் பங்கு கொண்டவர். 1873இல் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே ஆல்பர்ட் பாலத்தை அமைத்தவர். பாலமும் கூரையும் கட்டிப் பழகிய அவருடைய அறிவு பம்பாயில் மக்கள் தங்கும் விடுதியாக உருவெடுத்தது.

தூண்களும் விட்டங்களும் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து வார்ப்பாலையில் செய்யப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டன. 1867 முதல் 1869 வரை அவை பம்பாயில் பூட்டி நிறுத்தப்பட்டன. சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது 1869 நவம்பரில்தான். அதற்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து சரக்குடன் புறப்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தாக வேண்டும். அத்துணைத் தொலைவு கடந்து ஒரு கட்டடமே உறுப்பு உறுப்பாகப் பெயர்ந்து வந்ததை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகிறது.

இக்கட்டடத்தின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் பழைய வீடுகளில் சுவரே கூரையைத் தாங்கும். மாடி உயர உயரக் கீழ்ச்சுவரின் தடிப்பும் பெருக வேண்டும். வாட்சன் விடுதியில் சுவர் எதையும் தாங்கவில்லை. நசுக்கும் பாரத்தைத் தாங்க வல்ல வார்ப்பிரும்பு தூண்களாயிற்று. வளைக்கும் விசைக்கு ஈடுகொடுக்கும் தேனிரும்பு விட்டங்களாயிற்று. இவ்விரண்டாலும் ஆன கூடே ஐந்து தளங்களின் பாரம் முழுவதையும் நிலத்தில் இறக்கியது. செங்கற்சுவர்கள் இடைவெளிகளை அடைக்கும் மறைப்புகளாக மட்டுமே நின்றன. பிற்காலத்து வானளாவிகளுக்கு அடிப்படையான கோட்பாடும் இதுவே. வானளாவிகளின் முன்னோடி எனப்படும் சிகாகோவின் 'ஹோம் இன்சூரன்ஸ்' கட்டடம் முடிவுற்றது 1885இல். பாரிசுக்கு அருகே நுவாசியேலில், இரும்புச் சட்டகத்தால் புகழ்பெற்ற மெனியே சாக்கலேட் ஆலை எழுந்தது 1871, 1872ஆம் ஆண்டுகளில். இவற்றோடு ஒப்பிட, மக்கள் தங்கும் பல மாடிக் கட்டடத்தை முழு இரும்புச் சட்டகத்தில் நிறுத்திய தொடக்க முயற்சிகளுள் பம்பாய் விடுதிக்கு உரிய இடம் புலனாகும். இந்தியாவில் எஞ்சியுள்ள வார்ப்பிரும்புக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது என்பர்.

1871இல் விடுதி திறக்கப்பெற்றது. 130 அறைகள், ஒவ்வொரு தளத்திலும் தெருவை நோக்கி நீண்ட அகன்ற மாடங்கள், நடுவே ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடைய, கண்ணாடிக் கூரையிட்ட ஆடற்கூடம். காலமும் விடுதிக்குத் துணைநின்றது. 1870இல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே இருப்புப்பாதை இணைந்தது. கால்வாய் வழி வந்த பயணிகள் இந்தியாவில் முதலில் கால் வைக்கும் துறைமுகமாகப் பம்பாய் மாறியது. ஐரோப்பியருக்கான விடுதி என்று பெயர் பெற்ற வாட்சன் ஓட்டல், உணவு பரிமாறவும் இங்கிலாந்திலிருந்தே பெண்களை வரவழைத்தது. இவ்வளவும் கொண்டுவந்த வாட்சன் இங்கிலாந்தின் தட்பவெப்பத்தையும் கொண்டுவந்திருக்கலாமே என்று அந்நாளில் நகையாடினராம்.

1896: ஓராண்டின் இரு காட்சிகள்

இவ்விடுதியின் வரலாற்றில் 1896ஆம் ஆண்டு தனித்தன்மை உடையது. அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் இங்குத் தங்கினார். தொழில் முதலீட்டில் நொடித்துப்போய், கடனை அடைப்பதற்காக உலகெங்கும் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்த காலம் அது. பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஃபாலோயிங் தி ஈக்குவேட்டர்' என்னும் நூல் 1897இல் வெளிவந்தது.

பம்பாய் விடுதியில் தாம் கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்றை அந்நூலில் அவர் பதிந்துள்ளார். மாடத்திற்குச் செல்லும் பெரிய கண்ணாடிக் கதவு ஒன்றில் இந்தியப் பணியாள் ஒருவர் மண்டியிட்டு ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறார். அங்கிருந்த பருத்த உருவினரான ஜெர்மானியர் ஒருவருக்கு அது மனநிறைவு அளிக்கவில்லை. தவறு யாதெனச் சொல்லாமலே அவர் பணியாளின் தாடையில் அறைகிறார். பணியாள் முகத்தில் வெறுப்பின் சாயலும் தோன்றவில்லை. அக்காட்சி டுவெயினைத் தம் இளமைக்கு, அடிமை முறை நிலவிய அமெரிக்கத் தென்புலத்திற்குக் கொண்டு சென்றது. சிறு பிழைக்காக ஒருவன் தன் அடிமையின் மீது இரும்புத் தாதுக் கட்டியை எறிந்து கொன்றதைப் பத்து வயதில் தாம் கண்டது அவர் நினைவில் எழுந்தது. ஒரு கணத்தில் மனம் ஐம்பது ஆண்டுகளையும் நிலவுருண்டையின் மறுபுறத்தையும் தாவிய விந்தையை அவர் எழுதுகிறார்.

விடுதியின் புகழ்பாடும் குறிப்புகளில் மார்க் டுவெயின் தங்கினார் என்னும் செய்தி தவறாமல் இடம்பெறும். அவர் கண்டது இடம்பெறுவதில்லை. அறை வாங்கியவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இத்தகைய பெயரற்றவர்களின் உழைப்பில்தான் அவ்விடுதி நடந்தது. உண்மையில் இக்கட்டடம் சான்றுரைக்கத் தக்கவற்றுள் முதன்மையானது இதுவே எனக் கருதுகிறேன்.

ஆறு திங்கள் கழிந்து, அதே ஆண்டு சூலை 7ஆம் நாள், அதே கூரையின் கீழ் மற்றொரு காட்சி நிகழ்ந்தது. லூமியேர் சகோதரர்களின் சார்பில் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் பம்பாயில் தங்கிய மாரியுசு செசுத்தியே என்பவர் அசையும் படங்களைத் திரையிட்டார். இந்திய மண்ணில் திரைப்படம் காட்டப்பட்ட முதல் நிகழ்ச்சியாக இது போற்றப்படுகிறது. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். நூற்றாண்டின் வியப்பு எனச் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. பின்னர் நாவல்டி நாடக அரங்கிற்குக் காட்சி மாறியபோது நான்கணா இருக்கைகளும் வந்தன. எளிய மக்களும் காணும் வாய்ப்புப் பெற்றனர். இக்காட்சிகளால் தூண்டப்பெற்ற பம்பாய்ப் புகைப்படக் கலைஞர் ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர், ஒளிப்படக் கருவியை வரவழைத்து 1899இல் மற்போர் ஒன்றைப் படமாக்கினார்.

தமிழர்க்கும் இதில் தொடர்பு உண்டு. 1905இல் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதும் பம்பாயில்தான். திரைப்படம் தமிழர் வாழ்விலும் அரசியலிலும் பெற்ற இடத்தை எண்ணினால், வாட்சன் விடுதியில் ஒளிர்ந்த அத்திரை நமக்கு அயலானதன்று.

முதல் நாள் காட்டிய ஆறு குறும்படங்களுள் ஒன்றன் பெயர் 'இடிப்பு'. தொழிலாளர் ஒரு சுவரை இடித்துத் தள்ளும் காட்சி அது. அப்படத்தைப் பின்னோக்கி ஓட்டி, விழுந்த சுவர் தானே எழுவதாகக் காட்டுவதும் லூமியேர் காட்சிகளில் வழக்கமாயிற்று. படம் காட்டிய விடுதியும் பின்னாளில் இடிப்பை எதிர்நோக்கி நின்றது. ஆனால் விழுந்த கட்டடத்தைப் பின்னோக்கி ஓட்டி எழுப்ப எக்கருவியும் இல்லை.

சரிவு

1903 டிசம்பரில் கடலோரத்தில் தாஜ் மகால் ஓட்டல் திறக்கப்பெற்றது. இந்தியர் என்பதால் வாட்சன் விடுதியில் அனுமதி மறுக்கப்பட்ட ஜாம்செட்ஜி டாட்டா, அதற்கு விடையாகவே தாஜை எழுப்பினார் என்னும் கதை நாடெங்கும் வழங்குகிறது. ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை. 1896இல் பரவிய பிளேக் நோயால் குலைந்த தம் நகரின் பெருமையை மீட்க விரும்பியதே காரணம் என்பாரும் உளர். கதை மெய்யோ பொய்யோ, மக்கள் அதை நம்பினர். வாட்சன் விடுதியின் வாயில் எவர்க்குத் திறந்திருந்தது, எவர்க்கு மூடியிருந்தது என்பது பற்றி அந்நகர மக்கள் கொண்டிருந்த எண்ணத்திற்கு அக்கதையே சான்றாகும்.

புதிய விடுதியின் முன் பழையது மங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடக்கையில் ஓட்டல் என்னும் நிலை போய், மகேந்திரா மேன்ஷன் என்றும் பின்னர் எஸ்பிளனேடு மேன்ஷன் என்றும் பெயர் மாறிற்று. அறைகள் தடுக்கப்பட்டுச் சிறுசிறு கூறுகளாக வாடகைக்கு விடப்பட்டன. அருகே நீதிமன்றங்கள் இருந்தமையால் வழக்கறிஞர் அலுவலகங்கள் நிறைந்தன, குடும்பங்களும் வாழ்ந்தன. காற்றுக்கும் நிழலுக்குமென அமைந்த மாடங்கள் அடைக்கப்பட்டு அறைகளாயின.

இங்குச் சட்டத்தின் பங்கையும் நோக்க வேண்டும். போர்க்கால வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரைக் காக்க 1947இல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் முழுப் பெயரிலேயே ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் இடம்பெற்றிருந்தன. பொதுவாக 1940 செப்டம்பர் முதல் நாளில் நிலவிய வாடகையே உரிய வாடகையாகக் கொள்ளப்பட்டது. எளியோர் தெருவில் நிற்காமல் காத்த சட்டம் அது. அதன் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆனால் பத்தாண்டுகள் பல கடந்தும் வாடகை ஏறாமையால், பழுதுபார்க்கும் செலவு வாடகையை விஞ்சியது. உரிமையாளர் வருவாய் இல்லை என்றார். குடியிருந்தோர் கட்டடம் தமதன்று என்றனர். அரசோ இருவரையும் நோக்கியது. 1999இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றப்பட்ட போதும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

இரும்புக்குப் பகை நீர். கடற்காற்றும் ஆண்டுதோறும் நான்கு திங்கள் கொட்டும் பருவமழையும் உள்ள நகரில், ஒழுகும் கூரையைச் சரிசெய்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி வந்தால் இரும்பு நிற்கும். ஒரு பருவம் தவறினால் துரு சிறிது ஏறும். ஐம்பது பருவம் தவறினால் விட்டம் அரித்துப்போகும். அதன்மேல் புதிய தடுப்புச் சுவர்களின் பாரமும் சேர்ந்தது. ஆதலின் இக்கட்டடத்தை அரித்தது துரு மட்டுமன்று. பலர்க்கு உரிமையாகி ஒருவர்க்கும் பொறுப்பாகாமற் போன நிலையே அதனை அரித்தது எனல் பொருந்தும்.

இடிப்பதா, காப்பதா?

2005 சூன் திங்களில் உலக நினைவுச்சின்ன நிதியம், அழியும் நிலையில் உள்ள நூறு சின்னங்களின் பட்டியலில் இக்கட்டடத்தைச் சேர்த்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இதற்காகப் பரிந்துரைத்தவர். அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே கட்டடத்தின் மேற்குப் பகுதி மாடங்கள் தெருவில் சரிந்து ஓர் உயிரைப் பறித்தன. அதன் பின்னரும் மக்கள் உள்ளே பணிபுரிந்து வந்தனர். 2018இல் அருகிலுள்ள பல்கலைக்கழகமும் உயர்நீதிமன்றமும் அடங்கிய கட்டடத் தொகுதி யுனெசுகோவின் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2019இல், எஸ்பிளனேடு மேன்ஷனில் இருந்தோர் நீதிமன்ற ஆணையின்படி வெளியேற்றப்பட்டனர். கட்டடம் பழுதுபார்க்கும் எல்லையைக் கடந்துவிட்டது என்றும் இடிப்பதே தக்கது என்றும் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வறிக்கை கூறியது. மரபுப் பாதுகாப்பு வல்லுநர்கள் அதனை மறுத்து, இரும்புச் சட்டகத்தைச் செப்பனிட இயலும் என்று வாதிட்டனர்.

அயலவர் அயலவர்க்கெனக் கட்டிய விடுதியை நாம் ஏன் காக்க வேண்டும் என்று வினவுவோர் உண்டு. வினா நேர்மையானது, ஒரு பணியாள் அறை வாங்கிய இடத்தைப் பெருமைச் சின்னமாகக் கொண்டாட இயலாதுதான். ஆனால் பெருமைக்குரியவற்றை மட்டுமே காப்போம் என்றால் வரலாறு வெறும் புகழ்மாலையாகிவிடும். அடித்த கையும் அடிவாங்கிய முகமும் மறைந்த பின்னர், அந்நிகழ்ச்சியின் சான்றாக நூலில் சில வரிகளும் தெருவில் ஒரு கட்டடமும் எஞ்சுகின்றன. கட்டடம் போனால் வரிகளும் கதைபோல் ஆகிவிடும்.

மற்றொரு வினாவும் உண்டு. உள்ளே இருந்தோர் நிலை என்ன? மரபைக் காப்பதாகச் சொல்லி, அங்கே பல்லாண்டு பிழைத்தோரைக் கணக்கில் கொள்ளாமற் போவது அறமாகாது. கட்டடத்தைச் செப்பனிடும் செலவு யாருடையது, திரும்பி வரும் உரிமை யாருக்கு, ஆண்டுதோறும் கூரையைப் பார்க்கும் கடமை யாருக்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் மீண்டும் துருப்பிடிக்கும்.

மும்பைக்கு மட்டும் உரிய பாடமன்று இது. நம் ஊர்களில் சத்திரங்களும் சாவடிகளும் பழைய விடுதிகளும் இவ்வாறே நிற்கின்றன. கூரையில் ஆலங்கன்று முளைத்த நாளில் அதைப் பிடுங்க ஓர் ஆளின் அரைநாட் கூலி போதும். வேர் சுவரைப் பிளந்த பின்னரோ வல்லுநர் குழுவும் வழக்கு மன்றமும் வேண்டியிருக்கிறது. புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. உலக அறவியின் ஒரு செங்கல்லையும் நாம் காட்ட இயலாது. அதற்குக் கடலைக் காரணம் காட்டலாம். நம் கண்முன் நிற்பவை வீழுமாயின் கடலைக் காரணம் காட்ட இயலாது. உங்கள் ஊரில் அத்தகைய கட்டடம் ஒன்று இருப்பின், அதன் கூரையைப் பார்க்கும் கடமை யாருடையது என்று இன்றே கேட்டறியுங்கள். பாதுகாப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.